என்னைவிட இளைய அம்மா

டாக்காரிலிருந்து கிழக்கே 70 கிலோமீட்டரில் இருக்கிறது தியெஸ். ரயில் ஊர். டாக்கார் துறைமுகத்தையும் நைஜர் ஆற்றையும் இணைக்க பிரெஞ்சுக்காரர்கள் போட்ட இருப்புப்பாதையின் பணிமனைகள் இங்கேதான் இருந்தன. 1947 அக்டோபரில் தொடங்கி அடுத்த மார்ச் வரை நீண்ட ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கும் இதுவே மையம். இன்று ரயிலின் மவுசு போய்விட்டது. பெருமரங்கள் நிழல் விரித்த தெருக்களும், அவற்றின் கீழே தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கும் ஆட்களும் மிச்சம். அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு செனகலுக்கு வரும் தன்னார்வலர்களைப் பழக்கும் மையம் இந்த ஊரில் இருக்கிறது.

மையத்தில் எங்களை வைத்திருந்தது கொஞ்ச நாள்தான். தடுப்பூசி, மலேரியா மாத்திரை, தண்ணீர் வடிகட்டியைக் கழுவும் முறை. கழிப்பறையில் தண்ணீரைப் பயன்படுத்துவது எப்படி என்று தனி வகுப்பே நடந்தது. கோடுபோட்ட பிளாஸ்டிக் கெண்டி ஒன்றைத் தூக்கிப் பிடித்து பயிற்சியாளர் கூச்சமில்லாமல் செய்முறை விளக்கம் தந்தார். ஒஹையோ, ஓரிகன் பிள்ளைகள் பயபக்தியோடு குறிப்பெடுத்தார்கள். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த நான் ஜன்னல் வழியாக வேப்பமரத்தை வேடிக்கை பார்த்தேன். வலக்கையால் சாப்பிடு, இடக்கையால் எதையும் நீட்டாதே, செருப்பை வெளியே விடு. இதற்காகவா கல்யாண வயதுப் பிள்ளைகளை நியூஜெர்சியில் விட்டுவிட்டு, கணக்காளர் வேலையை உதறிவிட்டு இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது.

பிறகு வேனில் ஏற்றி, ம்பூர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த கிராமம் ஒன்றில் கொண்டுபோய் இறக்கினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் ஒப்படைப்பதுபோல ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒப்படைத்தார்கள். என்னை வாங்கிக்கொள்ள வந்தவர் மஞ்சள் பூப்போட்ட அங்கி அணிந்த, நெடுநெடுவென்ற பெண். நாற்பது வயதிருக்கும். எனக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. “இவர்தான் உங்கள் அம்மா” என்றார் பயிற்சியாளர். அம்மா என் நரையைப் பார்த்து ஒரு நொடி தயங்கினார். அப்புறம் என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு ‘யாய்’, அதாவது அம்மா. நான் அவருக்கு ‘சம தோம்’, என் பிள்ளை. இந்த ஏற்பாட்டில் சிரிப்பதற்கு ஏதும் இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

வாசலிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். கிழவியம்மா ஒருவர் இரண்டு கைகளையும் ஏந்தி ஏதோ ஓதி, அந்தக் கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆவா ஜோப்” என்றார். கூடியிருந்த பெண்கள் கைதட்டினார்கள். இனி அந்த ஊரில் என் சொந்தப் பெயர் செல்லாது. தன் பேரை ஒருவருக்குக் கொடுப்பது செனகலில் சின்ன விஷயமில்லை. பேர் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஆயுள் முழுக்க ஒரு கடப்பாடு உண்டு. எனக்குப் பேர் தந்தது அந்தக் கிழவியம்மாவேதான். மனம் நெகிழ்ந்துபோய்க் கூடத்துக்குள் போனேன். சுவரில், முரீது சூஃபி மரபின் குரு அமாது பம்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வண்ணப் புகைப்படங்கள். எல்லாவற்றிலும் வெள்ளைக்காரப் பெண்கள், இந்த வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு. கடைக்குட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்: “ஆவா. ஆவா. இதுவும் ஆவா.”

ஆவா என்பது ஒரு பதவி என்று அப்போது விளங்கியது. எனக்கு முன்னால் அதை வகித்தவர்களோடு ஒப்பிட்டே நான் அளக்கப்பட்டேன். முந்தைய ஆவா வோலோஃப் மொழியைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாளாம். அதற்கு முந்தையவள் நன்றாக ஆடுவாளாம், ஆனால் மீன் சாப்பிட மாட்டாளாம். இந்தக் குடும்பம் முதல்முறையாக ஒரு அந்நியரை வீட்டில் சேர்த்துக்கொள்ளும் அப்பாவிக் குடும்பம் என்று நினைத்துப் போனவளுக்கு, யாய் இந்தத் தொழிலில் பழுத்த கை என்பது தெரிய அதிக நேரமாகவில்லை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு வருபவரை வைத்துக்கொள்வதற்குக் குடும்பத்துக்கு மாதப்பணம் உண்டு. பூட்டுப் போட்ட தனி அறை தர வேண்டும் என்பது அமைப்பின் விதி. என் அறை பிள்ளைகளின் அறை. அவர்கள் பாட்டியின் கட்டிலிலும் தரையிலுமாக நெருக்கிப் படுத்துக்கொண்டார்கள். தன்னார்வத் தொண்டு பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பணத்தைப் பேச்சில் கொண்டுவருவதில்லை, அன்பின் மேல் அழுக்குப் பட்டுவிடும் என்பதுபோல. எனக்கு அதில் கூச்சமில்லை. யாய் அந்தப் பணத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்த்தார், கூரைக்குத் தகரம் வாங்கினார். நான் காய்ச்சலில் கிடந்த இரவில் முழுக்க விழித்திருந்து ஈரத்துணி போட்டார். அந்தக் கடைசிக் காரியம் ஒப்பந்தத்தில் இல்லை.

சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். பகல் இரண்டு மணி வாக்கில் முற்றத்தில் பாய் விரிப்பார்கள். நடுவில் அகன்ற எனாமல் தாம்பாளம். அதில் செபு ஜென்: தக்காளிச் சாறில் சிவந்த சோறு, மேலே மீன், மரவள்ளி, முட்டைக்கோஸ், கேரட், கசக்கும் ஜஹாத்து கத்திரிக்காய், ஒரு ஓரத்தில் புளி. 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய உணவு. அதன் அரிசி முழு அரிசி இல்லை, நொய். பிரெஞ்சுக்காரர்கள் செனகல் நிலத்தை நிலக்கடலைக்குத் திருப்பிவிட்டு, சோற்றுக்குத் தங்கள் இந்தோசீனக் குடியேற்றத்தின் ஆலைகளில் விழுந்த உடைந்த அரிசியைக் கப்பலேற்றினார்கள். கழிவாக வந்தது ருசியாக நிலைத்துவிட்டது. நம் ஊரில் கஞ்சிக்கும் கோழிக்கும் போகும் நொய்யை இங்கே கடையில் தேடித் தேர்ந்து வாங்குகிறார்கள். முழு அரிசி மசாலாவை உள்ளே இழுக்காது என்பது யாயின் தீர்ப்பு. கருவாடும், யேத் என்கிற நாற்றமடிக்கும் கடல்நத்தையும் குழம்பில் விழுந்ததும் அமெரிக்கப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். எனக்குக் கடலூர் முதுநகர் வாசனை.

தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் உண்டு. உனக்கு எதிரே இருக்கும் பங்குதான் உனது. நடுவிலுள்ள மீன் யாருடையதும் இல்லை, அது தாயின் ஆட்சி. யாய் இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு, வலக்கையின் மூன்று விரல்களாலேயே மீனை முள்ளிலிருந்து பிரிப்பார். துண்டு துண்டாக ஒவ்வொருவர் எதிரிலும் போடுவார், பார்க்காமலே, பேசிக்கொண்டே. யாருக்கு எவ்வளவு விழுந்தது என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். மரவள்ளி ஒரு கிள்ளு, கேரட் ஒரு கிள்ளு, புளி ஒரு தொடுகை. சின்னவன் அவசரப்பட்டு நடுவில் கை நீட்டினால் அந்தக் கையின் மேல் ஒரு தட்டு. வயிறு நிறைந்தவர் எழுந்துவிட வேண்டும், கடைசிவரை உட்கார்ந்திருப்பது அழகில்லை. நான் எழப் பார்க்கும்போதெல்லாம், “லெக்கல்!” சாப்பிடு! “சூர் நா” என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினால் அது முதல் சுற்றுக்குச் செல்லாது. நான் சோற்றைப் பிசைவதை மட்டும் யாயால் தாங்க முடியவில்லை. அவர்கள் உள்ளங்கையில் அழுத்தி உருட்டி வாயில் போடுவார்கள். நான் விரல்களால் குழைத்துப் பிசைந்து அள்ளுவேன். கையால் சாப்பிடத் தெரிந்த ஆவாவைக் கண்டு முதல் நாள் மகிழ்ந்தவர், இரண்டாம் நாளே, “இது என்ன சிமெண்டுக் கலவையா?” என்று கேட்டுவிட்டார். கடைசியில் பானை அடியைச் சுரண்டிய முறுகல் வரும். அதற்குச் சண்டை நடக்கும். சில நாள் எனக்கும் ஒரு கரண்டி.

பீஸ் கோர் ஒரு காலத்தில் இப்படியெல்லாம் பழக்கவில்லை. 1961-ல் கென்னடி அந்த அமைப்பைத் தொடங்கிய புதிதில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில்தான் பயிற்சி. முதலில் கானாவுக்குப் போன குழு பெர்க்லியில் படித்துவிட்டுப் போனது. போர்ட்டோ ரிக்கோவில் முகாம் போட்டுப் பாறை ஏறவைத்தார்கள், அணைக்கட்டிலிருந்து கயிறு கட்டி இறங்கவைத்தார்கள், கைகாலைக் கட்டித் தண்ணீரில் மிதக்கவைத்தார்கள். மனநல நிபுணர்கள் கூர்ந்து பார்த்து, சரிப்படாதவர்களைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ யாரும் அந்தத் தன்னார்வலர்களை அணைக்கட்டிலிருந்து இறங்கச் சொன்னதாகத் தெரியவில்லை. போகிற நாட்டிலேயே பயிற்சி, அதுவும் ஒரு குடும்பத்தில் என்ற முறை பின்னால் வந்தது. பாறை ஏறுவதைவிட இது கடினம் என்று நான் சாட்சி சொல்வேன். பாறை, “நேற்றுச் சொல்லிக் கொடுத்தேனே, இன்றைக்கு மறந்துவிட்டாயா?” என்று கேட்காது.

வயதைப் பற்றி யாராவது கேட்டால் ஜிம்மி கார்ட்டரின் தாயார் லிலியனைத்தான் உதாரணம் காட்டுவேன். 1966-ல், 68 வயதில் தன்னார்வலராகி மும்பையின் விக்ரோலிக்கு வந்து வேலை செய்தவர். யாய்க்கு அந்தக் கதையில் ஒரே ஒரு சந்தேகம்: “அத்தனை வயதில் போகவிட்டார்களா? மகன் எதற்கு இருக்கிறான்?”

காலையில் வேப்பமரத்தடியில் மொழி வகுப்பு. மற்ற நேரமெல்லாம் மொழித்தேர்வு முற்றத்தில். வணக்கம் சொல்லாமல் இந்த நாட்டில் ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. சலாம் சொல்லி, நங்க தெஃப் என்று நலம் கேட்டு, வீட்டார் எப்படி, அசதி எப்படி, அமைதிதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் “ஜம் ரெக்”, அமைதி மட்டுமே, என்று பதில் வாங்கிய பிறகுதான் விஷயத்துக்கு வரலாம். கூடவே குடும்பப் பெயரை மாறி மாறிச் சொல்லிக்கொள்வார்கள்: “ஜோப்!” “ந்ஜாய்!” “ஜோப்!” மதியம் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படித்தால் யாராவது தட்டுவார்கள். உடம்பு சரியில்லையா? யார் என்ன சொன்னார்கள்? தனியாக இருக்க ஆசைப்படுவது அந்த ஊரில் ஒரு நோய்க்குறி. நியூஜெர்சியில் பக்கத்து வீட்டுக்காரரை வருஷத்துக்கு ஒருமுறை பனி வாரும்போது பார்ப்பது வழக்கமாகிவிட்டிருந்த எனக்கு, பண்ருட்டித் திண்ணையை மறுபடி பழகவேண்டியிருந்தது.

பயிற்சிக்காக ஒரு படிவம் தந்திருந்தார்கள், குடும்பத்தை அறிந்துகொள்ள. வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்பது முதல் கேள்வி. கேட்டேன். யாய் பேச்சை மாற்றினார். மறுபடி கேட்டேன். கிழவியம்மா எழுந்து போய்விட்டார். ஆட்களை எண்ணினால் ஆயுள் குறையும். எண்ணியே ஆகவேண்டுமென்றால் மனிதர்கள் என்று சொல்லாமல் கடவுளின் மரத்துண்டுகள் என்று சொல்லி எண்ணுவார்கள். தியெஸ் ரயில் வேலைநிறுத்தத்தை வைத்து உஸ்மான் செம்பேன் 1960-ல் வெளியிட்ட நாவலின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். பக்கத்து ஊர்க்காரர்களின் கதை என்று அதை டாக்கார் விமானத்தில் படித்துக்கொண்டே வந்தவள் நான். படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட துறை ஊட்டச்சத்தும் சுகாதாரமும். பாடத்திட்டத்தைப் பிரித்தால் முதல் அத்தியாயம் முருங்கை. இரண்டாவது, வேப்பிலையைக் கொதிக்கவைத்துச் சோப்பும் எண்ணெயும் கலந்து கொசுவிரட்டிக் களிம்பு செய்வது. அமெரிக்க அரசாங்கத்தின் செலவில் அட்லாண்டிக் கரைக்கு வந்து முருங்கைக் கீரையின் மகிமையை எடுத்துச் சொல்ல ஒரு பண்ருட்டிக்காரி! வேம்பும் முருங்கையும் நம் பக்கத்திலிருந்து இங்கே வந்து வேரூன்றிய மரங்கள். யாய் வீட்டு வேலியோரமே முருங்கைதான், பெயர் நெபெதாய். வாரத்தில் சில இரவுகள் அந்தக் கீரையைக் கடலைப்பொடியோடு வேகவைத்து, செரே என்கிற கம்பு உதிர்மாவின் மேல் ஊற்றிப் போடுவார். நான் பாடத்தில் படித்த சத்துக் கணக்கையெல்லாம் ஒப்பிக்க, “உங்கள் ஊரில் காயையும் தின்பார்களாமே, அது உண்மையா?” என்று கேட்டார். உண்மை என்றதும் பக்கத்துவீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் வேலியில் நாலு காய் பறித்து, கிடைத்த புளியையும் வெங்காயத்தையும் வைத்து ஒரு குழம்பு செய்தேன். பருப்பு இல்லாததால் தட்டைப்பயறு. எல்லோரும் காயை வாயில் போட்டு மென்று, துப்பலாமா விழுங்கலாமா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பின் பயணம் எதிர்த்திசை. சகாராவின் தெற்கு ஓரத்தில், இந்த மேற்கு ஆப்பிரிக்க மண்ணில்தான் காட்டுப்புல்லாக இருந்த அது பயிராக்கப்பட்டது. ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியா வந்து சேர்ந்துவிட்டது. மழை பிடித்ததும் ஊரே கம்புக்கும் கடலைக்கும் களையெடுக்கப் போனது, நானும் போனேன். விடியலில் கம்பு குத்தும் சத்தம்தான் எழுப்பும். ஒரே உரலில் யாயும் மூத்த மகளும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். உலக்கை அந்தரத்தில் இருக்கும்போது கையை விட்டு ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பிடிப்பாள் மகள். என் பாட்டி கம்பு குத்திப் பார்த்திருக்கிறேன், இந்தச் சாகசம் பார்த்ததில்லை.

பயிற்சியின் நடுவே யாயின் தங்கை வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைக்கச் செயிண்ட் லூயி போனோம். செனகல் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு குறுகிய தீவு, இரும்புப் பாலம், மரப் பால்கனிகள் தொங்கும் பழைய வீடுகள். பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் முதல் தலைநகர். தீவைத் தாண்டினால் வண்ணம் பூசிய நீளப்படகுகள் நெருக்கியடித்து நிற்கும் மீனவர் குப்பம். பிறந்த எட்டாம் நாள் குழந்தையின் காதில் பெயரை ஓதினார்கள். கம்புக்களியில் இனிப்புத் தயிரை ஊற்றிச் சட்டி சட்டியாக வந்தது.

அங்கே கூடியிருந்த பெண்கள் நான் இந்தியாவில் பிறந்தவள் என்று கேள்விப்பட்டதும் சூழ்ந்துகொண்டார்கள். செனகலில் இந்திப் படங்களுக்கு இருக்கும் பித்து சொல்லி மாளாது. டாக்காரில் அதற்கென்றே ரசிகர் மன்றங்கள் இருக்கின்றன, புடவை கட்டிப் பொட்டு வைத்து ஆடும் குழுக்கள் இருக்கின்றன. ஒரு அத்தை இந்திப் பாட்டொன்றை முழுதாகப் பாடினார், சொல் ஒன்றுக்கும் பொருள் தெரியாமல். பாடி முடித்து என்னிடம் அர்த்தம் கேட்டார். எனக்கு இந்தி தெரியாது என்றேன். நம்பவில்லை. தமிழ் என்று ஒன்று இருக்கிறது என்று விளக்கப் பார்த்தேன். இந்தியப் பெண்ணுக்கு இந்தி தெரியாதா என்ற கேள்வியை டில்லியில் கேட்டிருக்கிறார்கள், சிகாகோவில் கேட்டிருக்கிறார்கள். செனகல் ஆற்றங்கரையிலுமா?

ஆனால் அந்த ஆற்றுக்கு எங்கள் பக்கத்தோடு வேறொரு பழைய கணக்கு உண்டு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு வணிகர்கள் இங்கே வந்தது பிசினுக்காக, ஆற்றின் வடகரையில் வேலமர இனம் ஒன்றில் வடியும் அரபிப் பிசின். ஐரோப்பாவின் துணி ஆலைகளுக்கு அது வேண்டும். அதை விற்ற மூர் இனத்தவர் காசு கேட்கவில்லை, நீலத்துணி கேட்டார்கள். ‘கினே’ என்ற பெயரில் கப்பலேறிய அந்தப் பருத்தித் துணி புதுச்சேரியில் அவுரிச் சாயம் ஏற்றப்பட்டது. ஆற்றங்கரைச் சந்தைகளில் துணிதான் நாணயம். பிசினின் விலையைத் துணி உருப்படிக் கணக்கில் பேசினார்கள். பிரான்சிலேயே நெய்து அனுப்பிய நகலை, வாசனையையும் பளபளப்பையும் வைத்தே கண்டுபிடித்து ஒதுக்கினார்களாம். எங்கள் தென்னாற்காட்டில் அவுரி விளைந்த வயல்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டதுண்டு. அந்த நீலம் எங்கே போனது என்று யாரும் சொன்னதில்லை. அத்தையிடம் இதைச் சொல்லும் அளவுக்கு என் வோலோஃப் வளரவில்லை. அவர் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

திரும்பி வந்ததும் மாலைத் தேநீருக்கு வழக்கமான ஆள் வந்திருந்தார், பக்கத்துத் தெரு ந்ஜாய். ஜோப்களும் ந்ஜாய்களும் கேலிமுறை உறவுக்காரர்கள். தேநீர் என்றால் அத்தாயா: சீனத்துப் பச்சைத்தேயிலையைக் கரியடுப்பில் கொதிக்கவிட்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து குவளைக்குக் குவளை ஊற்றி நுரை கட்டி, மூன்று சுற்று. முதல் சுற்று நாக்கைக் கட்டும், மூன்றாவது வெறும் சர்க்கரையும் புதினாவும். அத்தனையும் முடிய மணிக்கணக்காகும், அதுவரை வசவு. “சோற்றுமூட்டை ஜோப்களா, என் அடிமைகளா, எனக்கு மிச்சம் வைத்தீர்களா?” என்பார் அவர். “உன் பாட்டனை நாங்கள் ஒரு மூட்டை கடலைக்கு வாங்கினோம்” என்பார் யாய். அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட கடற்கரை கொஞ்ச தூரத்தில் இருக்க, அடிமை என்ற சொல்லை இப்படி வீசி விளையாடுவது முதலில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் யாயின் மைத்துனருக்கும் அண்டை வீட்டுக்காரருக்கும் வாய்த்தகராறு முற்றிய நாளில், நடுவே வந்து உட்கார்ந்து இருவரையும் கெட்ட வார்த்தையில் திட்டிச் சிரிக்கவைத்துக் கலைத்தது இந்த ந்ஜாய்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் அடி விழுந்திருக்கும்.

மொழித்தேர்வில் ஒருவழியாகத் தேறினேன். உறுதிமொழி எடுக்கும் விழாவுக்கு யாய் எனக்கும் தனக்கும் ஒரே துணியில் அங்கி தைத்திருந்தார். மேடையில் பேசியவர்கள் தன்னார்வலர்களின் தியாகத்தைப் புகழ்ந்தார்கள். குடும்பங்களுக்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். தன் அறையைக் காலிசெய்து, பேச்சு வராத பெரிய பிள்ளைகளைக் குழுவுக்குக் குழு வாங்கிக்கொண்டு, ஊருக்குள் நடமாடும் பக்குவத்துக்குத் தேற்றி அனுப்புகிற பெண்ணுக்கு எந்த நாட்டுத் தூதரகம் விழா எடுக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது யாய் இடக்கையை நீட்டினார். தூரப் பயணம் போகிறவருக்கு இடக்கைதான் கொடுக்க வேண்டும். அது தப்பு, தப்பைச் சரிசெய்யவாவது திரும்பி வந்தாக வேண்டும்.

எனக்கு ஒதுக்கப்பட்ட ஊர் கிழக்கே, காஃப்ரின் பக்கம். கடலைக் காட்டின் நடுவே ஒரு கிராமம். வேலை பார்க்கும் இரண்டு வருடமும் அங்கே இன்னொரு குடும்பத்தோடுதான். வீட்டுப் பெரியவர் என் பெயரைக் கேட்டார். ஆவா ஜோப் என்றேன். முற்றமே கொல்லென்று சிரித்தது. “ஜோப்பா? ந்ஜாய்கள் வீட்டில் ஜோப்புக்குச் சோறு போடுவதா?” அங்கேயே, அப்போதே நான் ஆவா ந்ஜாய் ஆக்கப்பட்டேன்.

அன்றிரவு யாயைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் போட்ட கூச்சலில் வீடே கூடிவிட்டது. கிழவியம்மா கருவியைப் பிடுங்கி, “அடி அடிமை, என் பேரை வாங்கிக்கொண்டு போய் அவர்களுக்கா விற்றாய்?” என்றார். பிறகு யாய், புது வீட்டம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். இருவரும் முன்பின் பார்த்ததில்லை. வழக்கமான நலவிசாரிப்பும் வசவும் முடிந்ததும் யாயின் குரல் தொழில்முறைக்கு மாறியது. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். இவளுக்கு மீன் தலை பிடிக்கும். மூன்றாம் சுற்றுத் தேநீர் கொடுக்காதே, சர்க்கரை வியாதி. மத்தியானம் கதவைச் சாத்தினால் பயப்படாதே, படிப்பாள். சோற்றைப் பிசைவாள், விட்டுவிடு, திருந்தாது. வேலியில் முருங்கை இருந்தால் காயைப் பறித்துக் குழம்பு வைப்பேன் என்பாள், வைக்கவிடாதே.

“பேச்சு எப்படி?” என்று கேட்டார் புது வீட்டம்மா.

“பரவாயில்லை” என்றார் யாய். “முந்தைய ஆவா அளவுக்கு இல்லை.”